மாருதி 800இல் ஜென் இன்ஜின்: ஆக்சில் எதைப் போடுவது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், 3 மே 2024

அண்ணா, அப்பாவுடைய 1997 மாருதி 800 வண்டிக்கு பழைய ஜென் ஒன்றின் 993 சிசி இன்ஜினை கியர் பாக்ஸோடு வாங்கியிருக்கிறேன். இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் வேலை நடக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஆக்சில் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 800 ஆக்சிலே போதும், உள்பக்கம் லேத்தில் பிடித்தால் உட்கார்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். ஜென் ஆக்சிலையே வாங்கிப் போடு என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். 800 ஆக்சில் ஜென்னின் இழுவையைத் தாங்காது, மேடேறும்போது முறிந்துவிடும் என்று மாமா பயமுறுத்துகிறார். எதைச் செய்ய?

3 மே 2024, இரவு

தம்பி, முதலில் மவுண்டிங் வெல்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். புள்ளி வெல்டிங்கோடு நிற்கட்டும். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.

ஆக்சிலை ஒரே சாமானாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். உள் ஜாயின்ட் கியர் பாக்ஸுக்குள் போகிறது, அதனால் அது ஜென்னுடையதாக இருக்க வேண்டும். வெளி ஜாயின்ட் வீல் ஹப்புக்குள் போகிறது. நீங்கள் 800இன் ஹப்பையும், அதைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்புகிற நக்கிளையும் மாற்றப் போவதில்லை என்றால் அது 800உடையது. நடுவில் இருக்கிற கம்பியின் நீளம் இரண்டு வண்டியையும் சேர்ந்தது இல்லை. இன்ஜினை இடது வலதாக எங்கே உட்கார வைக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. இதனால்தான் மவுண்டிங்கை நிறுத்தச் சொன்னேன். இன்ஜின் 10 மில்லிமீட்டர் இடது பக்கம் நகர்ந்தால் இடது ஆக்சில் 10 மில்லி குறைய வேண்டும், வலது 10 மில்லி கூட வேண்டும். மவுண்டிங்கை முழுசாக ஒட்டிவிட்டு ஆக்சிலைத் தேடினால் கடையில் கிடைக்கிற எந்தக் கம்பியும் பொருந்தாது. அப்புறம் வெட்டுவதும் ஒட்டுவதும்தான்.

ஜென் ஆக்சிலை அப்படியே போடவும் வழி இருக்கிறது. ஜென்னின் ஹப், நக்கிள், பிரேக் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். 800க்கு 12 இஞ்ச் வீல், ஜென்னுக்கு 13. வீலும் மாறும், ஸ்பீடாமீட்டர் காட்டுவதும் மாறும். வேலை அங்கேயும் நிற்காது.

4 மே 2024

மாமாவின் பயத்துக்குக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

கார்பரேட்டர் ஜென் இன்ஜினின் முறுக்கு விசை 70 நியூட்டன் மீட்டர் சொச்சம். இந்த மாதிரி சின்னக் கார்களில் முதல் கியரும், கியர் பாக்ஸின் கடைசிப் பல்சக்கர ஜோடியான பைனல் டிரைவும் சேர்ந்து அதை ஏறத்தாழ 15 மடங்கு ஆக்கும். ஆயிரத்துச் சொச்சம். இரண்டு ஆக்சிலுக்கும் பாதிப் பாதியாகப் போனால் ஒன்றுக்கு 530 போல.

இப்போது டயர் பக்கம் வாருங்கள். 800இன் எடையே 650 கிலோ சொச்சம். ஆட்களோடு சேர்த்து ஒரு முன்சக்கரத்தின் மேல் 200 கிலோ என்று வைப்போம். காய்ந்த தார் ரோட்டில், அந்தச் சின்ன டயரின் ஆரத்துக்கு, சுமார் 400 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்க ஆரம்பித்துவிடும். மேட்டில் எடை பின்னால் சாய்வதால் இன்னும் சீக்கிரம் வழுக்கும். மழையில் கேட்கவே வேண்டாம். ஆக, ஆக்சிலுக்குப் போகிற முறுக்கை டயர்தான் முடிவு செய்கிறது. 800இன் சொந்த இன்ஜினே, அதன் 59 நியூட்டன் மீட்டரை வைத்து, முதல் கியரில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நல்ல நிலையில் இருக்கிற 800 கம்பி ஜென் இன்ஜினால் முறிவதில்லை.

ஆக்சிலைக் கொல்வது நீளமும் கோணமும். பவரைப் பற்றிப் பேசிப் பேசியே இந்த இரண்டையும் யாரும் அளப்பதில்லை.

6 மே 2024

இவ்வளவு சிரமம் எதற்கு, 800ஐ 800 ஆகவே ஓட்டலாமே என்று மேட்டுப்பாளையத்து அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். கீழே இருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். மேலே காற்று குறைவு அண்ணே. கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 796 சிசி இன்ஜின் கோத்தகிரியில் இழுக்கிற காற்று, கீழே 640, 650 சிசி இன்ஜின் இழுக்கிற அளவு. ஜென்னின் 993 சிசியைப் போட்டால் கோத்தகிரியில் அது கீழே ஓடுகிற 800 அளவுக்கு வருகிறது. தம்பி பந்தயம் ஓட்டக் கேட்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் அண்ணனுக்கு இருக்கிற இழுவையைக் கோத்தகிரியில் கேட்கிறார்.

கார்பரேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே டியூன் செய்த கார்பரேட்டரை அப்படியே மேலே ஓட்டினால் பெட்ரோல் கூடிப் போகும், பிளக் கறுக்கும். வேலை முடிந்ததும் மேலேயே வைத்து டியூன் செய்யச் சொல்லுங்கள்.

11 மே 2024

தம்பி மவுண்டிங்கை நிறுத்திவிட்டாராம். நல்லது. இப்போது அளக்கிற முறையைச் சொல்கிறேன். பொறுமையாகச் செய்யுங்கள், இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வெளி ஜாயின்டில் ஆறு குண்டுகள் இருக்கும். சக்கரம் திரும்புகிற அளவுக்கு அது மடங்கும், ஆனால் உள்ளே வெளியே நகராது. உள் ஜாயின்டில் மூன்று உருளைகள், ஒரு கிண்ணத்துக்குள். அது அவ்வளவாக மடங்காது, ஆனால் உரலுக்குள் உலக்கை மாதிரி உள்ளே வெளியே போய் வரும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது கியர் பாக்ஸுக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள தூரம் மாறுகிறது. அந்த வித்தியாசத்தை இந்தக் கிண்ணம்தான் வாங்கிக்கொள்கிறது.

உள் ஜாயின்டை மூடியிருக்கிற ரப்பர் உறையை, அதாவது பூட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, கம்பியை முட்டுகிற வரைக்கும் உள்ளே தள்ளுங்கள். கிண்ணத்தின் விளிம்பு வருகிற இடத்தில் கம்பியின் மேல் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மெதுவாக வெளியே இழுங்கள். உருளை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும், அதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது விளிம்பு இந்த நடுக்கோட்டில் நிற்க வேண்டும்.

அது மட்டும் போதாது. முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கோடு நிற்கிற ஷாக் அப்சார்பர்தான் ஸ்ட்ரட். அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்ட்ரட்டை மாட்டுங்கள். அப்போதுதான் ஜாக்கியை வைத்து சக்கரத்தைக் கடைசி வரை ஏற்றி இறக்கிப் பார்க்க முடியும். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி. எங்கேயும் முதல் கோட்டைத் தொடக் கூடாது, இரண்டாவது கோட்டைத் தாண்டக் கூடாது. நீளம் கூடிப்போய் முட்டினால் கியர் பாக்ஸின் பேரிங்கும், இழுவையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிபரன்ஷியலும் அடி வாங்கும். குறைந்துபோனால் உருளை கிண்ணத்தை விட்டே வெளியே வந்துவிடும்.

சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிக்கொண்டே ஒரு சக்கரம் தொங்குவது எப்போதாவது நடக்கும். நம் ரோட்டில் கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி அதுதான். குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் 14, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டியில் 36.

12 மே 2024

ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரஸர் இல்லை, கயிறு கட்டிக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில்தான் வரும். குன்னூரில் எந்தப் பட்டறையிலும் கம்ப்ரஸர் இருக்கும், வாடகைக்குக் கேளுங்கள்.

19 மே 2024

சாமான் வாங்குவது பற்றி. கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய ஆக்சில் கிடைக்கும். புதிதாகவும் கிடைக்கிறது. கடையில் கேட்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஆக்சில் நுழைகிற உங்கள் கியர் பாக்ஸின் வாயில் எத்தனை பல், ஹப்பின் வாயில் எத்தனை பல் என்று எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் விட்டம் வேறாக இருப்பதுண்டு, அதனால் வெர்னியர் வைத்து விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். கம்பியின் இரண்டு நுனிப் பல்லையும் பாருங்கள். ஜென் உள் ஜாயின்டின் நடு உருளைத் தொகுதி 800 கம்பியின் நுனியில் ஏற வேண்டும். ஏறினால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஏறவில்லை என்றால் ஜென் கம்பியில் 800 வெளி ஜாயின்ட் ஏறுகிறதா என்று மறுபக்கத்திலிருந்து பாருங்கள்.

ரீகண்டிஷன் ஆக்சில் என்று சொல்லி கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பார்கள். ஒரு கடையில் எனக்கு அப்படி ஒரு ஜோடி வந்தது. புது பூட், புது கிளாம்ப், பளபளவென்று இருந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து பூட்டைக் கழற்றினால், குண்டு ஓடுகிற பள்ளத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி. மேலே புது கிரீஸைத் திணித்து மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து பழைய ஆக்சில் எதுவாக இருந்தாலும் கடையிலேயே பூட்டைத் திறந்து காட்டச் சொல்கிறேன். காட்ட மாட்டேன் என்றால் வாங்குவதில்லை.

கிரீஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீல் பேரிங் கிரீஸை ஜாயின்டில் போடாதீர்கள். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் தனியாக வருகிறது, ஜாயின்ட் கிட்டோடு பையில் கிடைக்கும். அளவும் அந்தப் பையில் இருக்கிறதுதான்.

20 மே 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், தேய்ந்த ஜாயின்டை இடது வலது மாற்றிப் போட்டால் தேயாத பக்கம் வேலை செய்யுமே, எதற்குப் புதிது என்று கேட்டிருக்கிறார். பழைய மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்த வழிதான். முன்னால் இழுக்கும்போது பள்ளத்தின் ஒரு சுவரில்தான் சுமை விழும், மறு சுவர் புதுசாகவே இருக்கும், மாற்றிப் போட்டால் அது முன்னுக்கு வரும். சமவெளியில் நடக்கும்.

மலையில் மறு சுவர் புதுசாக இருப்பதில்லை. இறக்கத்தில் நாம் இரண்டாவது கியரில் விட்டு இன்ஜினால் பிடித்துக்கொண்டுதானே வருகிறோம். அப்போது சுமை அப்படியே திரும்புகிறது, சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. குன்னூரிலிருந்து பர்லியார் வரை மறு சுவர்தான் வேலை செய்கிறது. மலை வண்டியில் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்த இழையில் நான் எழுதுவதற்கே காரணம் அதுதான். ஆக்சில் என்றால் வண்டியை மேலே இழுக்கிற சாமான் என்றே எல்லோரும் பேசுகிறோம். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் இறக்கத்தில் பிடிக்கிறதும் அதே கம்பிதான். ஒரு பக்க உள் ஜாயின்ட் கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் டிபரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுற்றிவிடும், மறு பக்கத்துக்கும் பிடி இருக்காது. கியரில் இருந்தும் நியூட்ரலில் இருக்கிற மாதிரி வண்டி ஓடும். மேட்டில் இது நடந்தால் வண்டி நிற்கும், தள்ளி ஓரம் கட்டலாம். கல்லட்டி இறக்கத்தில் நடந்தால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும், அதுவும் ஏற்கெனவே சூடாகியிருக்கும். கியரில் போட்டு நிறுத்திவைத்த வண்டியும் நகரும். அந்த மூன்று கோட்டை அவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

21 மே 2024

4ஆம் தேதி எழுதிய கணக்கில் ஒன்று சேர்க்க வேண்டும். அது சீராக இழுக்கும்போது உள்ள கணக்கு. சேற்றில் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது திடீரென்று கல்லைப் பிடித்தால், அல்லது மேட்டில் கிளட்ச்சை டக்கென்று விட்டால், அந்த அதிர்ச்சியில் விழுகிற சுமை கணக்கை மீறும். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள் சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். மிதித்துக்கொண்டே இருந்து பிடி கிடைத்தால் முதலில் போவது ஜாயின்டில் குண்டுகளைப் பிடித்திருக்கிற கூடு.

2 ஜூன் 2024

தம்பியின் மெக்கானிக் புது யோசனை சொல்கிறாராம். இடது கம்பி நீளமாக இருக்கிறது, நடுவில் அறுத்து, குறைத்து, மேலே ஒரு குழாயை மாட்டி வெல்டிங் வைத்துவிடலாம் என்று.

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கம்பி சாதாரண இரும்பு இல்லை, சூடாக்கிக் குளிர்வித்து மேல்தோலைக் கடினமாக்கிய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு வளையம் நொறுங்கிப் போகிற நிலையில் இருக்கும். முறியும்போது சத்தம் போட்டுச் சொல்லாது. 20ஆம் தேதி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

முதல் வழி, மவுண்டிங் இன்னும் புள்ளி வெல்டிங்கில்தானே இருக்கிறது, இன்ஜினை நகர்த்திப் பாருங்கள். வலது பக்கம் இடம் மிச்சம் இருந்தால் இடது பக்கத்துக்கு அது போதும். முடியாவிட்டால் கோயம்புத்தூரில் கியர் வெட்டுகிற பட்டறைகள் இருக்கின்றன. இஎன்24 என்கிற கலப்பு எஃகுக் கம்பியில் உங்கள் அளவுக்குப் புதிதாகக் கடைந்து, பல் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தருவார்கள். மாதிரிக்கு இரண்டு பழைய கம்பியையும் கொடுத்து அனுப்புங்கள். செலவு கூடும்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

4 ஜூன் 2024

இன்ஜின் நகர்ந்ததாம், இரண்டு பக்கமும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம். கம்பி வெட்ட வேண்டியதில்லை. இப்போது முழு வெல்டிங் வைக்கலாம்.

9 ஜூன் 2024

மாட்டுகிற நாளுக்கு.

கியர் பாக்ஸின் இரண்டு ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை, உள்ளே போனபிறகு அரை நாள். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் ஆக்சிலின் பல் உரசிக் கிழித்துவிடும். கியர் ஆயிலை ஆக்சில் இரண்டும் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

சில கியர் பாக்ஸ்களில் இரண்டு ஆக்சிலையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டால் உள்ளே டிபரன்ஷியலின் பக்கப் பல்சக்கரம் இடம் நழுவும். பழைய ஜாயின்டையோ அந்த அளவுக்குச் சீவிய மரக்கட்டையையோ ஒரு வாயில் செருகி வையுங்கள். தூசியும் உள்ளே போகாது.

உள் ஜாயின்டின் நுனியில், அது கழன்று வராமல் பிடிக்கிற வளையமான சர்க்லிப்பைப் புதிதாகப் போட்டு, நேராகப் பிடித்துத் தள்ளுங்கள். க்ளிக் என்று விழுவது கையில் தெரியும். விழுந்ததா என்று பார்க்க கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டுக்குள்ளே உருளை வெளியே வந்துவிடும். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கழற்றும்போதும் இதே விதிதான், கிண்ணத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே லீவரை வைத்து நெம்ப வேண்டும்.

வெளிப் பக்கத்தை ஹப்பில் ஏற்றுகிற வரை ஆக்சிலைத் தொங்க விடாதீர்கள், கட்டுக்கம்பியால் மேலே கட்டி வையுங்கள். ஹப் நட் புதிது. கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் இருக்கும்போது, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, டார்க் ரெஞ்ச்சில். அளவு 800இன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், ஹப் அதனுடையது. ஹப் நட் முறுக்காமல் வண்டியைத் தரையில் உருட்டி நகர்த்துகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வீல் பேரிங் போய்விடும், வேண்டாம்.

15 ஜூன் 2024

கூடலூர் நண்பர் கேட்டிருந்தார், பழைய ஜீப்பில் பெட்ரோல் இன்ஜினை எடுத்து டீசல் வைக்கப் போகிறேன், இதெல்லாம் எனக்கும் பொருந்துமா என்று. பொருந்தாது. உங்கள் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கிறது, இன்ஜின் எங்கே உட்கார்ந்தாலும் அதன் நீளம் மாறாது. நீங்கள் பார்க்க வேண்டியது, கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாப்டின் நீளமும் அதன் கோணமும். டீசலின் மெதுவான சுற்றுக்கு ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் விகிதம் ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். தனிக் கேள்வியாகப் போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

ஜீப்போ காரோ, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்ற ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஆர்சியில் புது இன்ஜின் நம்பர் ஏற வேண்டும். பழைய இன்ஜின் வாங்கிய பில் இல்லாமல் இது நடக்காது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். விபத்து என்று ஒன்று நடந்த பிறகு இந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

7 ஜூலை 2024

வண்டி ஓடுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஒரு குறை: மேட்டில் இரண்டாவது கியரில் அழுத்தும்போது முன்பக்கம் இடதும் வலதுமாக நடுங்குகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. திருப்பத்தில் சத்தம் ஏதும் இல்லை.

திருப்பத்தில் டக் டக் என்று கேட்டால் வெளி ஜாயின்ட். நேர் ரோட்டில் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் உள் ஜாயின்ட், பெரும்பாலும் கோணம். தம்பி, முன் ஸ்பிரிங்குக்கு அடியில் ஏதாவது வைத்து வண்டியைத் தூக்கியிருக்கிறீர்களா?

8 ஜூலை 2024

இருக்கிறதாம். தோட்ட ரோட்டில் அடி தட்டுகிறது என்று அப்பா காலத்தில் ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்த இடைக்கட்டை, ஸ்பேசர். அளக்கும்போது ஸ்பிரிங்கோடு அதுவும் கழன்று கிடந்திருக்கிறது, திரும்ப மாட்டும்போது மெக்கானிக் சேர்த்தே மாட்டிவிட்டார். சக்கரம் கீழே போனதால் ஆக்சில் சாய்ந்து நிற்கிறது. மேட்டில் இன்ஜின் பின்னால் சாயும்போது அந்தச் சாய்வு இன்னும் கூடும்.

ஸ்பேசரை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அடி தட்டினால் கீழே ஒரு தகடு போட்டுக்கொள்ளலாம். கூடவே பின்பக்க இன்ஜின் மவுண்டிங் ரப்பரைக் கைவிளக்கு வைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

21 ஜூலை 2024

ஸ்பேசர் போனதும் நடுக்கம் நின்றதாம். ரப்பரில் வெடிப்பு இருந்ததால் அதுவும் மாறியது. மழை விட்ட ஒரு காலையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறியிருக்கிறார், ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வந்தேன் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தது.

தம்பி, இறங்கி ஏறியாயிற்று, இப்போது ஹப் நட்டை மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள். கியர் பாக்ஸின் இரண்டு வாயிலும் விரலைத் தடவி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இடது உள் பூட்டின் சின்னக் கிளாம்ப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அந்த வழியாகக் கிரீஸ் வெளியே தெறிக்கும். அதை மாற்றிவிட்டுப் படம் அனுப்புங்கள்.